வலது கைக்கு இரண்டு அர்த்தம்

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற ரோடு அது. காலை பத்து, பத்தரை இருக்கும். ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றி, "பார்த்தியா லூர்து, உன்னை எத்தனை தூரம் பின்னால விட்டுட்டு வந்துட்டேன்" என்று என் மனைவியிடம் சொல்லத்தான் திரும்பினேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். கேட்க ஆள் இல்லை.

முட்டை ஏற்றிய வண்டி ஒன்று வந்தது, போனது. அதற்குப் பின்னால் போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று, குழாய்களை அடுக்கிக்கொண்டு தடதடவென்று வந்தது, அதுவும் போனது. அப்புறம் மொபெட்டில் ஒரு புல்லுக்கட்டு. லூர்து வரவில்லை.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து தீவன வாடை அடித்தது. ஓட்டும்போது தெரியாத வெயில், நின்றதும் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். குடித்து முடித்தும் வரவில்லை. போன் போடலாம் என்று முன்பையைத் திறந்தேன். என் போனும் அதில் இருந்தது, அவள் போனும் அதில் இருந்தது. திருச்செங்கோட்டு லாட்ஜில் சார்ஜ் போட்டு, இரண்டையும் நான்தான் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். வடக்கே பனிமலை தெரிகிற ஊர் வரைக்கும் போய்த் திரும்பியவன். ரோட்டில் பார்க்கக் கூடாததெல்லாம் பார்த்திருக்கிறேன். ரோடு என்ன செய்யும் என்று தெரியாதவனுக்குப் பயம் குறைவு.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் முதல் லாரியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ராசிபுரத்து வாசகர் ஒருவர், "இத்தனை லாரி ஓட்டினவர் கடைசியில் சம்சாரத்தோடு சைக்கிளில் சுற்றினீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அதற்கென்ன, சொல்லலாம். ஐந்து நாள், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். என் பெருமையை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். லூர்து விடவில்லை.

"எழுதறதுன்னா அந்தப் புளியமரத்துல இருந்து எழுதுங்க" என்றாள்.

லைசென்ஸ் வேண்டாத வண்டி

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் அருளப்பன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதிமூன்று வயதில் லாரியில் கிளீனர். பிறகு டிரைவர். பிறகு ஒரு லாரிக்கு ஓனர், அப்புறம் பல லாரிக்கு. இன்றைக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். என் பட்டறையில் கட்டிய பாடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். கண்ணைத் திறந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் ஹெவி லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கண் பரிசோதனைப் பலகையில் கடைசி இரண்டு வரி எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி வாசித்தேன். அது வேறு தப்பாகப் போய்விட்டது.

ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. லூர்துமேரி, நாற்பது வருஷத்துக்கு மேல் என்னைச் சகித்துக்கொண்டவள், ஒரு நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, சைக்கிளுக்கு லைசென்ஸ் வேணுமுங்களா?"

"வேண்டாம். ஏன் கேக்கற?"

"சும்மாதான் கேட்டேன். காபி ஆறுது, குடிங்க."

அடுத்த வாரம் பட்டறையில் இரண்டு சைக்கிள் நின்றது. என்னுடையதற்குப் பட்டறை ஆட்களே வேலை செய்தார்கள். லாரிக்கு அடிக்கிற அதே பெயிண்ட். மட்கார்டில் மயில், கேரியரில் தகரப் பெட்டி, பெட்டியின் பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’. லூர்துவின் சைக்கிளிலும் ஒரு தாமரையாவது போடலாம் என்றார் பெயிண்டர்.

"என்ற வண்டில ஒண்ணும் எழுதாதீங்கண்ணா. அவிய வண்டியப் பார்த்தே ஊரு வழிவிட்டுரும்" என்றாள்.

சைக்கிளில் ஊர் சுற்றப்போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னேன். வங்கியில் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். ஐந்தாம் நாள் நடுப்பகலில் பட்டறைக்கு வந்து சேருவோம் என்று நேரத்தையும் சொல்லிவிட்டேன். என் மகன் பூமாலைக்குச் சொல்லி வைத்தான். பட்டறை வாசலில் எங்கள் இரண்டு பேர் படமும் போட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் என் படம் கொஞ்சம் பெரிது. நான் சொல்லித்தான்.

எந்த ரூட்டில் போவது என்பதை மட்டும் லூர்து முடிவு செய்தாள். நாமக்கல், ராசிபுரம், சேலம், சங்ககிரி, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, திரும்ப நாமக்கல். விரலை மடக்கி மடக்கி அவள் சொன்னபோது, "பரவாயில்லையே, உனக்கும் ரூட்டெல்லாம் தெரியுதே" என்றேன்.

பாலத்தில் வழி விடாதவள்

லூர்து பிறந்தது குமாரபாளையத்தில். தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். இப்போதும் ரொம்ப அமைதியாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. பதினைந்து வயதில் நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, காவிரிப் பாலம் ஏறி பவானிக்கு சைக்கிள் மிதித்துப் போய் வருவாளாம்.

போய் வருவாளாம் என்ன, நானே பார்த்தேன். அப்போது நான் கிளீனர். பாலத்தின் நடுவில் எங்கள் லாரிக்கு முன்னால் பாவாடை தாவணியில் ஒரு பெண், பின்னால் மூட்டை, ஆற்றுக் காற்று ஆளையே தள்ளுகிறது. டிரைவர் ஹாரனை அழுத்துகிறார். அவள் ஒதுங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பாலம் முடிகிற வரைக்கும் அவள் வேகத்துக்குத்தான் எங்கள் லாரி போனது. நான் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏம்மா, ரோடு என்ன உங்கப்பன் ஊட்டுதா?" என்று கத்தினேன்.

"ஆமா, எங்கப்பன் ஊட்டுதுதான்!" என்று பதில் வந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் டிரைவரான பிறகு பங்குச் சாமியார் மூலமாகப் பெண் கேட்டோம். அவளுடைய அண்ணன் சவரிமுத்துவுக்கு மனம் இல்லை. தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்ணை லாரிக்காரனுக்கா என்று கேட்டாராம். தங்கை பிடிவாதம் பிடித்ததால் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு லூர்து சைக்கிளைத் தொடவில்லை. தொடவில்லை என்று எழுதினால் அவள் சும்மா விடமாட்டாள். நான் தொட விடவில்லை. லாரி ஓனர் பொண்டாட்டி சைக்கிளில் போவதா என்று கேட்டவன் நான்தான்.

நான்கு நாளும் முதுகுதான்

முதல் நாள் ராசிபுரம் தாண்டுவதற்குள் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. லூர்து என்னைவிட நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறாள்.

நாற்பது வருஷம் தொடாதவள் ஏறி உட்கார்ந்ததும், நேற்றுத்தான் இறங்கினவள் மாதிரி போகிறாள். நிமிர்ந்த முதுகு. ஒரே சீரான மிதி. ஏற்றத்திலும் அதே சீர். சேலையின் மேல் என் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். அந்த நீலச் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் சேலம் போய்ச் சேர்ந்தேன்.

அம்மாபேட்டையில் மகள் வீட்டில் தங்கினோம். மறுநாள் உடம்பு வலிக்கு ஓய்வு எடுக்கலாம் என்றாள் லூர்து. நான் விடவில்லை. ஏற்காடு மலை என்ன பெரிய மலையா, எத்தனை லோடு ஏற்றியிருக்கிறேன் என்று கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் மிதித்துக்கொண்டு போனேன். மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. லூர்து இறங்கி, பெட்டிக்கடையில் இரண்டு சோடா வாங்கினாள்.

"மலை எங்கயும் போயிராதுங்க. குடிச்சுட்டு ஊட்டுக்குப் போலாம்."

திரும்பினோம். மகளிடம், மேலே மேகமாக இருந்தது என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் சங்ககிரி ரோட்டில் எதிர்க்காற்று. கோட்டை மலை கண் முன்னாலேயே நிற்கிறது, பக்கத்தில் வரமாட்டேன் என்கிறது. அன்றைக்கும் நீல முதுகுதான். குமாரபாளையத்தில் அவள் பிறந்த தெருவில், சைக்கிளில் வந்த லூர்துவைப் பார்த்து இரண்டு கிழவிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "ஏனாத்தா, இன்னுமா நூல் மூட்டை கொண்டு போற?" என்றாள் ஒருத்தி. லூர்து பாலத்தின் மேல் அந்தக் கரை வரைக்கும் தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான் டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். தூரத்திலிருந்து வரும்போது அவளுக்கு வயசே தெரியவில்லை.

நான்காம் நாள் பள்ளிபாளையம், திருச்செங்கோடு. எல்லா இடத்திலும் அவள் முன்னால், நான் பின்னால். கடைக்காரர்கள் வேறு, "என்ன பெரியவரே, அம்மா முன்னாடியே போயிட்டாங்க, வெரசா மிதிங்க" என்பார்கள். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை. எத்தனை லாரிகளை ஓவர்டேக் செய்தவன்! ஐந்தாம் நாளாவது, நாமக்கல் போய்ச் சேரும்போதாவது, நான் முன்னால் போக வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

லாரிக்காரன் கண்

ஐந்தாம் நாள் காலை ஒரு கைகாட்டி முக்கு வந்தது. வலது பக்கம் ஒரு சின்ன ரோடு பிரிகிறது. எனக்கு நூறு கஜம் முன்னால் லூர்து சைக்கிளை ஓரமாக நிறுத்தி, இடது காலை ஊன்றிக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

லாரி ஓட்டாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். முன்னால் போகிற லாரி டிரைவர் வலது கையை வெளியே நீட்டினால், "எதிரே வண்டி இல்லை, நீ என்னைத் தாண்டிப் போகலாம்" என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் தாண்டிப் போய், இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அது நன்றி. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தருவதில்லை. வடக்கே மொழி தெரியாத ரோட்டில்கூட இந்தக் கையை நம்பித்தான் வண்டி ஓட்டினோம்.

லூர்து கையை நீட்டியதும் என் லாரிக்காரன் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. நாலு நாளுக்குப் பிறகு மனுஷி எனக்கு வழி விடுகிறாள்! நாமக்கல் நெருங்குகிறது, மாலை காத்திருக்கிறது, புருஷன் முன்னால் போகட்டும் என்று நினைக்கிறாள்! மனம் குளிர்ந்துபோய், அவளைத் தாண்டும்போது இரண்டு முறை பெல் அடித்தேன். பிறகு மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு மிதி. லாரியில் கண்ணாடி இருக்கும், பின்னால் பார்ப்போம். சைக்கிளில் கண்ணாடி இல்லை. புளியமரம் வரைக்கும் நான் திரும்பவே இல்லை.

மரத்தடியில் நின்றபோதுகூட அவள் கையில் வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. விழுந்துவிட்டாள், அல்லது ஏதோ வண்டி இடித்துவிட்டது. அது ஒன்றுதான் தோன்றியது. சைக்கிளைத் திருப்பினேன்.

இளநீர்க்காரம்மா சொன்னது

ஆறேழு கிலோமீட்டர். வரும்போது பறந்த தூரம், திரும்பும்போது முடியவே இல்லை. ரோட்டோரத்தில் நீலமாக எது கிடந்தாலும் பிரேக் பிடித்தேன். ஒரு இடத்தில் நீலத் தார்ப்பாய். இன்னொரு இடத்தில் உரச்சாக்கு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "இப்படி ஒரு பொம்பளை சைக்கிள்ல வந்தாங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்களே" என்றார். அந்த இல்லை என்னை இன்னும் வேகமாக மிதிக்க வைத்தது.

கைகாட்டி முக்கில் இளநீர் விற்கும் அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் கேட்டாள்.

"ஏஞ்சாமி, மயில் போட்ட சைக்கிள்ல பெல் அடிச்சுட்டுப் போனது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. என்ற சம்சாரம்..."

"அந்தம்மா கையக் காட்டிட்டு நின்னாங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. நீங்க போற தெசையவே பார்த்துட்டுச் சித்த நேரம் நின்னாங்க. நாந்தான் கேட்டேன், ஏனுங்க அவிய உங்க ஊட்டுக்காரரான்னு. ஆமான்னாங்க. இந்தப் பக்கம் அண்ணன் ஊடு இருக்குது, அவரு வர மாட்டாராட்டம் இருக்குதுன்னாங்க. பொறகு கண்ணத் தொடச்சுட்டு இப்படிக்கா போயிட்டாங்க."

அவள் காட்டிய பக்கம் அந்தச் சின்ன ரோடு. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் வளைந்து போகிறது. அது எந்த ஊருக்குப் போகிற ரோடு என்று எனக்குத் தெரியும். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று லூர்து சொல்லியிருக்கிறாள். என் மச்சான் சவரிமுத்து, குமாரபாளையத்துத் தறியை மகன் கையில் விட்டுவிட்டு, காடு வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிற ஊர்.

லூர்து உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் சைக்கிளை விட்டு இறங்கினேன். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. சின்ன வயதில் சைக்கிளிலேயே போய்ப் பழகியவளுக்கு வலது கை என்றால் வலது பக்கம் திரும்பப்போகிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான். அவள், "என்னோடு இந்தப் பக்கம் வாருங்கள்" என்று கையை நீட்டியிருக்கிறாள். நான், "வர மாட்டேன்" என்று இரண்டு பெல் அடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ரூட்டை அவள் விரல் மடக்கிச் சொன்னது ஏன் என்பதும் அந்த முக்கில்தான் புரிந்தது.

வாழை மரம்

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மச்சான் அந்த வீட்டைக் கட்டி, சாமியார் வந்து செபம் சொல்லிப் புதுவீட்டை மந்திரிக்கிற நாள். எனக்கு அன்றைக்குத்தான் மூன்றாவது லாரி வந்திருந்தது. காரிலோ பஸ்ஸிலோ போயிருக்கலாம். புது லாரியில் போனேன். பட்டறைத் தொழிலாளிகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். பந்தலில் செபம் நடக்கிறது. நான் வெளியே வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறேன்.

மச்சான் வெளியே வந்தார். ஊர் கூடியிருக்கிறது. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "கிளீனர் புத்தி எங்க போகும்? வண்டிய எடுத்து ஓரமா நிறுத்தச் சொல்லுங்கப்பா."

நான் இறங்கக்கூட இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "இனி உங்க வாசல மிதிச்சா என் பேரு அருளப்பன் இல்ல." சொல்லிவிட்டு, எல்லோரையும் திரும்ப ஏற்றிக்கொண்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறேன். ரிவர்ஸ் எடுத்தபோது பந்தல் முகப்பில் கட்டியிருந்த இரண்டு வாழை மரத்தையும் என் லாரி சாய்த்துவிட்டது. குலையோடு விழுந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் வெளியே வந்தார்.

லூர்து அன்றைக்கு என்னோடு லாரியில் ஏறினாள். அதற்குப் பிறகு நான் போகாத வீட்டுக்கு அவளும் போகவில்லை. பொதுவில் சாவு, கல்யாணம் என்றால் அண்ணனும் தங்கையும் மண்டபத்தில் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் கிளம்புவதற்குச் சில மாதம் முன்னால், "அண்ணன் மாட்டுக் கொட்டாயில வழுக்கி விழுந்துட்டாராம். ஒரு கால் சரியா ஊன வரலையாம்" என்றாள். "வயசானா விழத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போனில் மகன் கூப்பிட்டான். "அப்பா, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்துட்டாங்க."

"வந்துட்டிருக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

இளநீர்க்காரம்மா, "வெட்டட்டுங்களா சாமி?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வலது கையை நீட்டினேன். திரும்பினேன்.

வாசல்

கேட் திறந்திருந்தது. உள்ளே பெருக்கித் தெளித்த பெரிய வாசல். நாலு கோழி. வேப்பமரத்தடியில் லூர்துவின் சைக்கிள். அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. எனக்கு வெளுக்கவில்லை, நான் டை அடிக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன். அது பஞ்சாயத்து ரோடு. யாரும் மிதிக்கலாம்.

லூர்து சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை.

"வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ வழி விட்டேன்னுல்ல நான் நெனச்சேன்!"

"வழியா?"

"கையக் காட்டுனயே. ஓவர்டேக் பண்ணச் சொல்றேன்னு..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "லாரிக்காரனக் கட்டுனா இதுதான் கதி" என்றாள்.

மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுவதற்கு மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"வாங்க மாப்ள."

"இல்லீங்க மச்சான். லூர்து இருக்குதான்னு பார்க்கத்தான் வந்தேன். நான் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குது."

"என்ன சொன்னீங்க? எனக்கு மறந்துபோச்சு."

மறக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நானும் விடவில்லை.

"வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்."

"செரி. இப்ப என்னத்த மிதிச்சுட்டு வந்தீங்க?"

"சைக்கிளைத்தான்."

"அப்பறமென்ன? அதையே மிதிச்சுட்டு உள்ள வாங்க. வாசல மிதிக்கச் சொல்லி ஆரு சொன்னாங்க?"

மிதித்துக்கொண்டு உள்ளே போனேன். கேட்டைத் தாண்டிய பிறகுதான் இடைஞ்சல் தெரிந்தது. நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும். ஊன்றினால் சொல் போய்விடும். அதனால் வாசலைச் சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கோழிகள் கூரைக்குப் பறந்தன. மச்சான் சம்சாரம் வெளியே வந்து, என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

"சுத்தீட்டே இருந்தா எப்படீங்க?" என்றாள் லூர்து. "அண்ணி, அந்தக் கட்டிலப் போடலாம் வாங்க, இவிய எறங்கட்டும்."

இரண்டு பெண்களும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து போட்டார்கள். நான் ஓரமாக ஓட்டிவந்து, கட்டிலைப் பிடித்து, ஒரு மாதிரி சரிந்து அதன் மேல் விழுந்தேன். சைக்கிள் தனியாகப் போய் வேப்பமரத்தில் மோதியது. மயிலின் கழுத்தில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. கால் மட்டும் தரையில் படவில்லை.

மோர் வந்தது. பெரிய சொம்பு. ஒன்று குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். மச்சான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், அன்னைக்கு அந்த வாழை மரம்..."

"தெரியுமுங்க மாப்ள. நீங்க போன பொறகு நாங்களே எடுத்துக் கட்டிட்டோம்." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "நான் சொன்ன வார்த்தையத்தான் எடுத்துக்க முடியல. ஊரு கேட்டுருச்சே."

நான் சொம்பில் மிச்சமிருந்த மோரைக் குடித்தேன். வேறென்ன செய்வது?

மறுபடி மகன் கூப்பிட்டான். "அப்பா, மாலை வாடுது. எங்கதான் இருக்கீங்க?"

"உங்க மாமன் ஊட்டுல இருக்கறேன். சாப்பிட்டுட்டு வாரேன்."

"எந்த மாமனுங்கப்பா?"

"உனக்கு எத்தனை மாமன்டா இருக்காங்க?"

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ, "மாமன் ஊட்டுல இருக்காராம்" என்று சொல்வது கேட்டது. பிறகு, "செரிங்கப்பா, மெதுவா வாங்க" என்றான்.

இலை போடுகிற சத்தம் கேட்டது. எனக்கோ வேறு அவஸ்தை. காலையிலிருந்து குடித்த தண்ணீரும் இரண்டு சொம்பு மோரும் சும்மா இருக்குமா? வைராக்கியத்துக்கு எல்லாம் தெரியும், இது ஒன்று தெரியாது. கட்டிலில் நெளிந்தேன். என் செருப்பைப் பார்த்தேன். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று கட்டிலுக்கு அடியில், விழும்போது கழன்றது. போட்டுக்கொண்டாலும் அது என் கால் மிதித்ததாகத்தானே கணக்கு?

மச்சான் புரிந்துகொண்டார். தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி, குனிய முடியாமல் குனிந்து, என் பக்கம் தள்ளினார்.

"என்ற செருப்பப் போட்டுக்கங்க மாப்ள. நீங்க மிதிக்கல. என்ற செருப்புதான் மிதிக்குது. கக்கூஸ் அந்தப் பக்கம்."

போட்டுக்கொண்டேன். இறங்கினேன். நடக்க நடக்கத்தான் தெரிந்தது. வலது செருப்பு புதுசு மாதிரி இருக்கிறது. இடது செருப்பின் ஓரம் தரையில் இழுபட்டு இழுபட்டு ஒரு பக்கமாகத் தேய்ந்து, காகிதம் மாதிரி ஆகியிருக்கிறது. அந்தக் காலைத்தான் அவர் ஊன்ற முடியாமல் இழுக்கிறார். அந்தச் செருப்பில் நடந்தால் நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க வேண்டியிருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டியது ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது சாம்பார் வாசம். உள்ளே நாலு இலை. மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்காக உட்காராமல் நின்றிருந்தார். நிலைப்படிக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழைகிற எந்த மனிதனும் செய்வதைத்தான் என் கால்களும் செய்தன. படிக்கு வெளியே அந்தச் செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் விட்டன.

வெறுங்காலுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. தெளித்த வாசலின் ஈரம். அதற்குப் பிறகுதான் எனக்கு நான் சொன்ன சொல் ஞாபகமே வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் என் காலைப் பார்க்கவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்து பார்த்துவிட்டாள். பிறகு இலையில் பொரியல் வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஏனுங்க, தொட்டில தண்ணி இருக்குது. காலக் கழுவிட்டு உள்ள வாங்க."

கழுவிக்கொண்டு போனேன்.